காலி நாற்காலிகளுக்கு ஒரு வணக்கம்

போன வாரம் நண்பர் ஒருவரை 'லைம்லைட்' பார்க்கச் சொல்லியிருந்தேன். மறுநாள் காலையிலேயே வாட்ஸப்பில் பதில் வந்துவிட்டது: "சாப்ளின் படமாய்யா இது? மனுஷன் வாயை மூடவே மாட்டேங்கிறாரே!"

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. இருபது வருஷத்துக்கு மேல் திரையில் வாயே திறக்காமல் உலகத்தைச் சிரிக்க வைத்தவர், 1952இல் வந்த இந்தப் படத்தில் வாழ்க்கை, துணிச்சல், ஆசை என்று மூச்சுவிடாமல் பிரசங்கம் செய்கிறார். கட்டிலில் படுத்துக்கொண்டு அதையெல்லாம் கேட்கும் அந்தப் பெண்ணின் இடத்தில் நான் இருந்திருந்தால், கால் சரியாவதற்கு முன்பே எழுந்து ஓடியிருப்பேன்.

ஆனாலும் மேடைக்காரர்களின் கடைசிக் காலத்தைப் பற்றி நான் பார்த்த படங்களில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். எல்லோரும் இதை முதுமையைப் பற்றிய படம் என்கிறார்கள். எனக்கு இது ஒரு பயத்தைப் பற்றிய படமாகத்தான் படுகிறது. ஜோக்கைச் சொல்லி முடித்துவிட்டோம். எதிரே யாரும் சிரிக்கவில்லை. அந்த இரண்டு விநாடி.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை. 1914, லண்டன். பாட்டும் காமெடியுமாக நிகழ்ச்சி நடக்கும் மியூசிக் ஹால் அரங்குகளில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த காமெடியன் கால்வெரோ. நடிப்பவர் சாப்ளின். இப்போது வாய்ப்பு இல்லை, குடி மட்டும் இருக்கிறது. தள்ளாடிக்கொண்டே வீடு திரும்புகிறவருக்கு ஏதோ வாடை அடிக்கிறது. கையிலிருக்கும் சுருட்டை முகர்ந்து பார்க்கிறார். பிறகு எதையாவது மிதித்துத் தொலைத்தோமா என்று ஷூவின் அடியைத் திருப்பிப் பார்க்கிறார். அந்த வாடை, கேஸைத் திறந்துவிட்டுச் சாகக் கிடக்கும் ஒரு பாலே நடனப் பெண்ணின் அறையிலிருந்து வருகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் உயிர் போய்க்கொண்டிருக்க, இந்தப் பக்கம் ஷூவின் அடியைப் பார்க்கும் ஒரு குடிகாரர். என் நண்பர் தேடிய சாப்ளின் அங்கேயேதான் இருக்கிறார். பேச்சு தொடங்குவதற்கு முன்னால்.

அவள் பெயர் தெரஸா. இனிமேல் நடக்கவே முடியாது என்று நம்பிக்கொண்டிருப்பவளைத் தேற்றி, எழுப்பி, மறுபடி மேடைக்கு அனுப்புகிறார். அவள் ஏற ஏற இவர் இறங்குகிறார். அவ்வளவுதான் கதை.

கால்வெரோவுக்கு ஒரு கனவு வரும். தெள்ளுப்பூச்சிகளை வைத்து சர்க்கஸ் காட்டுகிறார். அரங்கமே கைதட்டுகிறது. குனிந்து வணங்கிவிட்டு நிமிர்ந்தால் எதிரே அத்தனையும் காலி நாற்காலிகள். சிரித்த முகம் அப்படியே இறங்குகிறது. விழித்துக்கொள்கிறார். சரி, அது கனவு. பின்னால் அதுவே நிஜத்தில் நடக்கும். பழைய பெயருக்கு மதிப்பில்லை என்று வேறு பெயரில் ஒரு மேடை ஏறுகிறார். பாதியிலேயே ஆட்கள் எழுந்து போகிறார்கள். ஒப்பனை அறைக்குத் திரும்பிக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அரிதாரத்தைக் கலைக்கிறார். ஒரு வசனம் கிடையாது. படம் முழுக்கப் பேசிய மனிதர் அங்கே பேசவில்லை, நானும் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன்.

ஏன் என்றால், சின்ன அளவில் எனக்கும் அது நடந்திருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஆபீஸ் ஆண்டு விழாவைத் தொகுத்து வழங்கச் சொன்னார்கள். அதற்கு முந்தைய வருஷம் மண்டபத்தையே கலகலக்க வைத்த அதே ஆள், ஏறக்குறைய அதே சரக்கு. முதல் ஜோக்குக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. மைக் சரியில்லையோ என்று தட்டிப் பார்த்தேன். மைக் நன்றாகத்தான் இருந்தது. முன் வரிசையில் ஒருவர் மிக்ஸர் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. ராத்திரி ஸ்கூட்டரில் வரும்போது மனைவி, "நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றாள். அந்த 'தாங்க' இன்னும் காதிலேயே நிற்கிறது. கால்வெரோ ஓரிடத்தில் இதைச் சொல்லுவார்: எல்லோரும் என்னிடம் அன்பாக நடந்துகொள்கிறார்கள், அதனாலேயே தனியாகிவிட்டது போலிருக்கிறது என்று. அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சாப்ளின் இதை ஐந்து வயதிலேயே பார்த்துவிட்டார். 1894, இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட். சிப்பாய்கள் கூடும் அரங்கு. அவருடைய அம்மா ஹன்னா மியூசிக் ஹால் பாடகி. பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்துவிட்டது. கூட்டம் கேலி செய்து விரட்ட, அவர் மேடையை விட்டு இறங்கினார். மேலாளர் பக்கத்தில் நின்ற பையனைக் கொண்டுபோய் மேடையில் விட்டார். பாதிப் பாட்டில் காசு மழை. பையன் பாட்டை நிறுத்திவிட்டு, "முதல்ல காசைப் பொறுக்கிக்கிறேன், அப்புறம் பாடுறேன்" என்கிற மாதிரி ஏதோ சொல்ல, அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. தன் வரலாற்றில் இதை எழுதும் சாப்ளின் இன்னொன்றும் சொல்கிறார்: விவரம் தெரியாமல், அம்மாவின் குரல் உடைந்ததையும் சேர்த்துப் பாடிக் காட்டினாராம். அதற்கும் சிரித்தார்கள். அன்று மகனுக்கு முதல் மேடை, அம்மாவுக்குக் கடைசி.

இதைத் தெரிந்துகொண்டு படத்தின் முடிவைப் பாருங்கள். ஒருத்தி மேடையில் ஆடுகிறாள், பக்கவாட்டில் திரை மறைவில் ஒருவருடைய காலம் முடிகிறது. ஆல்டர்ஷாட்டில் பையன் மேடையில் இருந்தான், அம்மா ஓரத்தில். 58 வருஷம் கழித்து, 63 வயதில், சாப்ளின் அம்மாவின் இடத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறார். இதை எங்காவது யாராவது எழுதியிருக்கலாம். எனக்கு இது மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் உறைத்தது.

அப்பா பக்கமும் இதே கதைதான். அவரும் பாடகர், குடியால் 38 வயதிலேயே போய்ச் சேர்ந்தார். அந்தக் கால மியூசிக் ஹால்களில் பார் நடக்கும். ஆட்டம் முடிந்ததும் கலைஞர் போய் வாடிக்கையாளர்களோடு சேர்ந்து குடிக்க வேண்டும், அதுவும் வேலையில் சேர்த்தி. குடித்தால்தான் சிரிக்க வைக்க முடியும் என்று கால்வெரோ நம்புவதை வெறும் திரைக்கதை என்று தள்ள முடியவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். தெரஸா கல்யாணம் செய்துகொள்ளலாம் என்கிறாள். கால்வெரோ பெருந்தன்மையாக ஒதுங்கி, அவளை இளம் இசையமைப்பாளனிடம் விட்டுவிடப் பார்க்கிறார். நிஜத்தில் சாப்ளின் 54 வயதில் 18 வயது ஊனாவைக் கல்யாணம் செய்துகொண்டவர்! அந்த இசையமைப்பாளனாக நடித்தவர் அவருடைய சொந்த மகன் சிட்னி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி பஸ்டர் கீட்டன். மௌனப் பட காலத்தில் சாப்ளினுக்கு எதிரே வைத்துப் பேசப்பட்ட ஒரே ஆள் என்பேன். 1928இல் சொந்தப் படக் கம்பெனியை விட்டுப் பெரிய ஸ்டூடியோவுக்குப் போய், சுதந்திரம் போய், குடியில் விழுந்து, வேலையும் போனவர். கால்வெரோ பட்டதையெல்லாம் பட்டவர். கடைசி நிகழ்ச்சியில் அவர் பியானோ, சாப்ளின் வயலின். பியானோ மேல் வைத்த இசைத்தாள்கள் சரிந்துகொண்டே இருக்கின்றன. கீட்டன் அள்ளி வைக்கிறார், சரிகிறது, அள்ளி வைக்கிறார். இந்தப் பக்கம் சாப்ளினின் ஒரு கால் பேன்ட்டுக்குள் சுருங்கிப்போகிறது, உதறினால் நீள்கிறது. பியானோவின் கம்பிகளையே பிடுங்கிப் போடுகிறார்கள். வயலின் காலில் மிதிபடுகிறது. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கீட்டன் தன்னை மிஞ்சிவிட்டார் என்று சாப்ளின் அவருடைய காட்சிகளை வெட்டிவிட்டதாக ஒரு வதந்தி உண்டு. நான் நம்பவில்லை. பயந்தவர் கூப்பிட்டே இருக்க மாட்டார்.

படத்தின் லண்டன் வெளியீட்டுக்காக 1952 செப்டம்பரில் சாப்ளின் கப்பலேறினார். நடுக்கடலில் இருக்கும்போதே, அமெரிக்காவுக்குத் திரும்பி வருவதற்கான அவருடைய அனுமதியை அரசு ரத்து செய்தது. இடதுசாரி என்ற சந்தேகம். அமெரிக்காவில் பல தியேட்டர்கள் படத்தைத் திரையிடவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் 1972இல்தான் வெளியானது. அதனால் 1973இல், இருபது வருஷம் பழைய படத்தின் இசைக்காக ஆஸ்கர். போட்டிப் பிரிவில் அவர் வாங்கிய ஒரே ஆஸ்கர் அதுதான். கீட்டன் அதற்குள் இறந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது.

நண்பருக்கு இதையெல்லாம் வாட்ஸப்பில் எழுத முடியாது, அதனால் இங்கே. கடைசி அரை மணி நேரத்தை மட்டுமாவது பாருங்கள். ஆட்டத்தின் முடிவில் கால்வெரோ வாத்தியக்காரர்களின் டிரம் ஒன்றுக்குள் விழுந்து மாட்டிக்கொள்கிறார். முதுகில் அடி, மாரடைப்பு. ஜனங்கள் அதையும் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டுகிறார்கள். டிரம்மோடு அவரைத் திரும்ப மேடைக்குத் தூக்கி வருகிறார்கள். உயிர் போகிற வலியிலும், தொடரத்தான் ஆசை, ஆனால் மாட்டிக்கொண்டேன் என்று அதற்கும் ஒரு ஜோக் வைத்திருக்கிறார். மேடை எனக்குப் பிடிக்காது, ரத்தத்தைப் பார்க்கவும்தான் பிடிக்காது, அது உடம்பில் ஓடத்தானே செய்கிறது என்று முன்பே தெரஸாவிடம் சொல்லியிருப்பார்.

இந்த வருஷ ஆண்டு விழாவுக்கும் தொகுத்து வழங்க முடியுமா என்று ஆபீஸில் கேட்டிருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். நேற்று ராத்திரி ஒரு பழைய டைரியை எடுத்து ஜோக்குகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மனைவி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.