தேடித் தருபவரும் சிகிச்சையில் பங்காளிதான்

மருத்துவ நூலகர் வெறுமனே புத்தகம் அடுக்குபவர் அல்ல, வைத்தியர்களுக்கு வேண்டிய ஆய்வுகளைத் தேடித் தருபவர் என்று அவர்களைப் பற்றி வெளியான கட்டுரை ஒன்றில் எழுதியிருப்பது மிகச் சரி. நம் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் வயலுக்குப் போன ஒருவரைக் கண்ணாடிப் புடையன் பாம்பு கடித்து வார்டுக்குக் கொண்டுவருகிறார்கள். விஷமுறிவு மருந்து ஏற்றும்போது வரும் ஒவ்வாமையை எப்படித் தடுப்பது? அந்த நேரத்தில் உட்கார்ந்து தேட முடியாது, முன்பே தேடி வைத்திருக்க வேண்டும். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையத் தளமான பப்மெட்டில் சும்மா 'பாம்புக்கடி' என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். பழகிய நூலகரோ நோயாளி யார், எந்த மருந்து, எதோடு ஒப்பீடு, என்ன விளைவு என்று கேள்வியைப் பிரித்துத் தேடுவார். இலங்கையிலேயே செய்து 2011இல் வெளியான ஆய்வு அப்படித்தான் கைக்கு வரும். விஷமுறிவு மருந்துக்கு முன்கூட்டியே கொடுத்த சிறு அளவு அட்ரினலின் கடும் ஒவ்வாமையைக் குறைத்தது, ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து அப்படிக் குறைக்கவில்லை என்றது அந்த ஆய்வு.

அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் நடந்த 1992ஆம் ஆண்டு ஆய்வில், நூலகம் தந்த தகவலால் சிகிச்சையில் ஏதோ ஒன்றை மாற்றியதாக 80 சதவீத வைத்தியர்கள் சொன்னார்கள். மருத்துவ பீட மாணவர்களுக்கு மட்டுமல்ல, வார்டில் நிற்கும் இளம் வைத்தியர்களும் தாதியர்களும் கூப்பிட்டுக் கேட்கவும் ஒரு நூலகர் இருக்க வேண்டும். சுகாதார அமைச்சு இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.