வௌவால் கடித்த கொய்யா பற்றி ஒரு திருத்தம்

“அணிலும் வௌவாலும் கடித்த பழம்தான் இனிக்கும், கடித்த இடத்தை அறுத்து எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம்” என்று பலர் சொல்வதுண்டு. முதல் பாதி பெருமளவு சரி. அவை கனிந்ததைத்தான் தேடிக் கடிக்கின்றன. இரண்டாம் பாதி ஆபத்தானது. பழந்தின்னி வௌவால்கள் நிபா வைரஸின் இயற்கையான இருப்பிடம் என்பதும், அவற்றின் எச்சிலிலும் சிறுநீரிலும் அது வெளிப்படக்கூடும் என்பதும் உறுதி செய்யப்பட்டவை. 2018-இல் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 17 உயிர்களைப் பறித்த நோய் அது. எச்சில் கடிவாயோடு நிற்பதில்லை, சாற்றோடு உள்ளே இறங்கும் என்பதால் கத்தி இங்கே உதவாது.

கடித்தது அணில்தான் என்று எப்படித் தெரியும்? மரத்தடியில் சாறு உறிஞ்சித் துப்பிய சக்கை உருண்டைகள் கிடந்தால் இரவில் வந்தது வௌவால். அவை இல்லாவிட்டாலும் அது வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆகவே கடிபட்ட பழம் எதுவானாலும் குழியில் போட்டு மூடுவதே முறை.

அதற்காக மரத்தை வெட்டவோ வெடி போட்டு விரட்டவோ வேண்டியதில்லை. இலுப்பை போன்ற மரங்களின் விதைகளைப் பரப்புபவை இந்த வௌவால்களே. கலைத்து விரட்டினால் அடுத்த வீட்டு மரத்துக்குப் போகும், அவ்வளவுதான். கைக்கெட்டும் கிளைகளில் காய் முற்றும் முன்பே துணிப்பை கட்டுங்கள். உச்சிக் கிளைகளை அவற்றுக்கே விட்டுவிடலாம், எப்படியும் நம்மால் பறிக்க முடியாதவை.