அரசுக்கு மதம் வேண்டாம் என்றால் அரச பாடசாலைக்கும் வேண்டாம்

கல்விச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், சமய பாடம் க.பொ.த. சாதாரண தரத்தில் கட்டாயமாக இருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. திருகோணமலையில் நம்மவர் பலர் சற்றும் யோசியாமல் ‘வேண்டும்’ என்கிறார்கள். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன்; இன்றும் வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் சந்நிதிக்குப் போகிறவன். ஆயினும் மதத்தை அரசின் கையில் கொடுக்கக் கூடாது என்றும், அரசு சம்பளம் கொடுத்து நடத்தும் பாடசாலைக்கும் அது பொருந்தும் என்றும் உறுதியாக நம்புகிறேன்.

இலங்கை சுதந்திரம் பெற்ற காலத்தில் நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு மதத்தவருக்கு மட்டும் சலுகையோ சுமையோ தரும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது என்று தடுத்திருந்தது. 1972 அரசியலமைப்பில் அந்தக் காப்பு இல்லாமற் போனது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையும் ஏனைய மதங்களின் உரிமைகளை உறுதிப்படுத்திக்கொண்டே அந்த முதன்மையைத் தொடர்கிறது. ஏட்டில் உள்ள அந்த வரி தெருவுக்கு வரும்போது என்ன ஆகும் என்பதை இந்த நகரத்தவருக்கு விளக்கத் தேவையில்லை. 2005 மே மாதம் பஸ் நிலையத்தருகே இரவோடு இரவாகப் புத்தர் சிலை எழுந்தது. ஹர்த்தாலில் நகரம் முடங்கியது. கன்னியா வெந்நீரூற்றருகே பிள்ளையார் கோயில் இருந்த இடத்தில் விகாரை கட்டுவது பற்றிய பிணக்கு 2019 இல் பெரிதாக வெடித்தது. கிழக்கின் தொல்பொருட்களுக்காக 2020 இல் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியில், தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணமாயிருந்தும், தொடக்கத்தில் அவர்களுள் ஒருவர்கூட இடம்பெறவில்லை. அரசு ஒரு மதத்தின் காவலனாகும்போது மற்ற மதத்தவர் சொந்த ஊரிலேயே அனுமதி கேட்டு வாழ வேண்டியவராகின்றனர். இந்த நியாயத்தை நாம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வருகிறோம். சரியாகவே சொல்லி வருகிறோம்.

அதே நியாயம் நாம் எண்ணிக்கையில் கூடிய இடத்திலும் நியாயமாக இருக்க வேண்டும். 2018 இல் நமது நகரின் இந்து மகளிர் கல்லூரி ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் ஹபாயா என்ற, உடலை மூடும் நீண்ட அங்கி அணிந்து வந்ததற்கு எதிர்ப்பு எழுந்து, விவகாரம் மனித உரிமைகள் ஆணைக்குழு வரை சென்றது. 2022 இல் மீண்டும் கிளம்பியது. பாரம்பரியம், கலாசாரம் என்ற சொற்கள் அப்போது தாராளமாகப் புழங்கின. அந்தப் பாரம்பரியத்தின் மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் ஆசிரியர் நியமனமும் சம்பளமும் பாடநூலும் பொதுப் பணத்திலிருந்து வருகின்றன. அந்தப் பணத்தில், முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் கிண்ணியாவில் மீன் விற்பவரின் வரியும் மூதூர் விவசாயியின் வரியும் கலந்திருக்கின்றன. பௌத்தம் பெரும்பான்மையினரின் பாரம்பரியம் என்று கொழும்பு சொன்னால் ஏற்காத நாம், நம் வாசற்படியில் நின்று அதே வாதத்தை எடுப்பது எப்படித் தகும்?

உடையைவிட என்னை உறுத்துவது பாடவேளை. நான் அறிந்த ஒரு பாடசாலையில், சமய பாடத்துக்கு மணி அடித்ததும் சைவப் பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருக்க, கத்தோலிக்கப் பிள்ளைகள் இருவர் பையைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போவார்கள். அவர்களுடைய பாடநூலை அரசு இலவசமாகவே கொடுத்திருக்கிறது. கற்பிக்கத்தான் ஆசிரியர் இல்லை. மேசையில் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு, அதன் மேல் கணிதக் கொப்பியைப் போட்டு வீட்டுவேலை செய்வார்கள். மழை நாட்களில் நூலகம் பூட்டியிருந்தால் வகுப்பின் கடைசி வாங்கில் அமர்ந்து திருமுறைப் பாடலைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது, படிப்பிக்க ஆளில்லாத தங்கள் சமயத்தைத் தனியாகப் படித்து எழுதுவதா, புள்ளிக்காகச் சைவநெறியை எழுதுவதா என்று அந்தக் குடும்பம் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. சிங்களப் பாடசாலையில் படிக்கும் சைவப் பிள்ளைக்கு இதுவே நேர்ந்தால் நாம் எவ்வளவு கொதிப்போம்!

இதற்கு மறுமொழியாக நம்மவர் வரலாற்றைச் சொல்வார்கள். மிஷன் பாடசாலைகள் பிள்ளைகளை மதம் மாற்றிய காலத்தில் ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்காவிட்டால் நம் நிலை என்னவாகியிருக்கும் என்று கேட்பார்கள். உண்மை. அந்தப் பணிக்கு நாம் என்றென்றும் கடன்பட்டவர்கள். ஆனால் நாவலர் பாடசாலை நடத்தியது சமூகத்தின் பணத்தில், சமூகத்தின் பொறுப்பில். 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, இங்கு இராமகிருஷ்ண மிஷன் வளர்த்த பாடசாலைகளும் அரசிடம் சென்றன. பெயரும் கீதமும் பழையபடி இருந்தாலும், அன்றிலிருந்து அவை எல்லோருக்குமான பொது நிறுவனங்கள். அங்கே சேரும் எந்தப் பிள்ளையும் விருந்தாளியாக நடத்தப்படக் கூடாது.

பிள்ளைகளுக்குச் சமயமே தெரியாமல் போகட்டும் என்று நான் சொல்லவில்லை. நான்கு சமயங்களும் கைக்கெட்டும் தூரத்தில் வாழும் மாவட்டத்தில் வளரும் பிள்ளைக்கு, நோன்பு என்றால் என்ன, பெரிய வெள்ளி ஏன் துக்க நாள், வெசாக் எதை நினைவுகூர்கிறது, திருவெம்பாவை ஏன் மார்கழியில் பாடப்படுகிறது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இவற்றை எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியரிடம் கற்கும் பொதுப் பாடமாக்கலாம். வழிபாட்டையும் விசுவாசத்தையும் ஞாயிறு அறநெறிப் பாடசாலையும் மத்ரஸாவும் மறைக்கல்வி வகுப்பும் ஏற்கெனவே கற்பிக்கின்றன. அந்தப் பணியை நம்மிடமிருந்து யாரும் பறிக்கப் போவதில்லை.

அரசியலமைப்பையும் பரீட்சை விதியையும் மாற்றுவது நம் ஊரில் முடிகிற காரியமில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்களால் முடிகிற ஒன்று உண்டு. அடுத்த கூட்டத்தில், உங்கள் பாடசாலையில் சமய ஆசிரியர் இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர், அந்தப் பாடவேளையில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அதிபரிடம் கேட்டு, விடையைக் கூட்டறிக்கையில் பதியச் சொல்லுங்கள். அந்த அறிக்கையோடு வலயக் கல்வி அலுவலகத்திடம் ஆசிரியரைக் கேளுங்கள். அக்கோரிக்கையில் முதற் கையெழுத்து, அந்தப் பாடசாலையில் பெரும்பான்மையாக உள்ள பெற்றோரிடமிருந்து வரட்டும்.