6.4 எப்படி 10 ஆனது?

பாட்டுக்குத் தசமப் புள்ளி வைத்து மார்க் போடுகிற ஆட்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதில் மன்னன் பிட்ச்ஃபோர்க் என்கிற அமெரிக்க இசைப் பத்திரிகை. 2001இல் டாஃப்ட் பங்க் என்கிற பிரெஞ்சு மின்னணு இசை ஜோடியின் 'டிஸ்கவரி' ஆல்பம் வந்தபோது பத்துக்கு 6.4 போட்டார்கள். அதென்ன .4? எந்தத் தராசில் நிறுத்தீர்கள்? சரி, போகட்டும். 2021இல் பழைய மதிப்பெண்களைத் திருத்துகிறோம் என்று கிளம்பி, அதே ஆல்பத்துக்கு முழுசாகப் 10!

ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை. நடுவில் இருபது வருடம் ஊரே அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடிவிட்டது, அவ்வளவுதான். அதே திருத்தத்தில், இன்டர்போல் என்கிற நியூயார்க் கிட்டார் குழுவின் முதல் ஆல்பத்துக்கு 2002இல் அள்ளிக் கொடுத்த 9.5ஐ 7 ஆக்கினார்கள். நியூயார்க் கிட்டார் குழுக்களுக்கு மவுசு போய்விட்டதே, இனி எதற்கு 9.5!

ரசனை மாறக்கூடாதா என்பீர்கள். தாராளமாக மாறலாம், எனக்கும்தான் மாறியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஊர் போகிற பக்கமாகவே மாறினால் அதற்குப் பேர் ரசனையா?

ரோலிங் ஸ்டோன் பத்திரிகை மட்டும் என்ன யோக்கியம்? லெட் செப்பலின் ராக் குழுவின் முதல் ஆல்பத்தை 1969இல் மட்டம் தட்டி எழுதியது. 2003இல் தலைசிறந்த 500 ஆல்பங்கள் என்று பட்டியல் போட்டபோது அதே ஆல்பத்துக்கு 29ஆம் இடம். 2020இல் பட்டியலைப் புதுப்பித்தபோது 101ஆம் இடத்துக்குத் தள்ளிவிட்டது. பங்குச்சந்தையா நடத்துகிறீர்கள்?

லண்டன் பத்திரிகைகள் இன்னொரு ரகம். 1995 ஆகஸ்டில் ப்ளர், ஓயசிஸ் இரண்டு ராக் குழுக்களின் சிங்கிள்களும் (தனியாக விற்கிற பாட்டுகள்) ஒரே நாளில் வந்தன. என்எம்இ என்கிற இசைப் பத்திரிகை அதைக் குத்துச்சண்டைப் போட்டி மாதிரி அட்டையில் போட்டது. எது அதிகம் விற்கும் என்பதே பேச்சு. இத்தனைக்கும் இரண்டுமே அந்தந்தக் குழுவின் சிறந்த பாட்டு கிடையாது!

அதே நாட்டில்தான் பிபிசி வானொலியில் ஜான் பீல் என்கிற தொகுப்பாளர் இருந்தார். 1978இல் வட அயர்லாந்துப் பையன்களின் 'டீனேஜ் கிக்ஸ்' பாட்டு அவர் கைக்கு வந்தது. பிடித்துப்போய், நிகழ்ச்சியிலேயே அடுத்தடுத்து இரண்டு தடவை போட்டார். மார்க் இல்லை, பட்டியல் இல்லை. மனுஷனுக்குப் பிடித்திருந்தது, இன்னொரு தடவை கேட்கத் தோன்றியது. கடைசிவரை அந்தப் பாட்டை அவர் விடவில்லை. கல்லறைக் கல்லிலும் அதன் வரிதான் இருக்கிறது. இருபது வருடம் கழித்துத் திருத்தம் போட அவருக்குத் தேவையே வரவில்லை.

பிட்ச்ஃபோர்க்குக்கு என்ன ஆனது என்கிறீர்களா? 2024 ஜனவரியில் அதன் முதலாளி நிறுவனம் அதை ஜிக்யூவுக்குள் சேர்ப்பதாக அறிவித்தது. பலருக்கு வேலை போனது, அது வருத்தம்தான், அவர்களில் பாட்டை உயிராக நேசித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் சேர்த்த இடத்தைப் பாருங்கள்: ஆண்களுக்கான ஃபேஷன் பத்திரிகை!