எம்டன் என்பது ஓர் ஊரின் பெயர்

போன வாரம் ஓர் இதழின் சிறப்பு வெளியீட்டில் என் கட்டுரை வெளிவந்த விதத்தை நண்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். வாழ்த்துச் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் அந்த வாழ்த்தை வாங்கிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எம்டன் என்ற துறைமுக நகரத்தைப் பற்றி நான் எழுதி அனுப்பியது பன்னிரண்டு பக்கம். அச்சில் வந்திருப்பதோ, 1914 செப்டம்பர் 22 அன்று இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுட்டதில் சென்னைத் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்த கதை மட்டும். ஊர் முழுவதையும் வெட்டிவிட்டார்கள். அது போதாதென்று, நான் எழுதாத ஒரு பத்தியைச் சேர்த்து, விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளையை அந்தக் கப்பலின் மேல்தளத்தில் கொண்டுபோய் நிறுத்தியும் விட்டார்கள். தொலைபேசியில் கேட்டபோது அங்கிருந்தவர் மிகப் பொறுமையாகச் சொன்னார்: "எம்டன்னா கப்பல்தானே சார்? ஊர் யாருக்கு வேணும்?"

எனக்கு வேண்டும். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

எம்டன் ஓர் ஊர். ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், எம்ஸ் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், நெதர்லாந்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஊர். நாம் அறிந்த கப்பல் அங்கே கட்டப்படவும் இல்லை. அது 1908இல் டான்சிக் (இன்றைய போலந்தின் கதான்ஸ்க்) நகரத்துத் தளத்திலிருந்து கடலில் இறக்கப்பட்டது. சிறிய போர்க்கப்பல்களுக்கு நகரங்களின் பெயரைச் சூட்டுவது ஜெர்மன் கடற்படையின் வழக்கம், அவ்வளவுதான். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டு அது ஒழிந்தும் போயிற்று. ஐந்தாறு ஆண்டு ஆயுள். ஊருக்கோ ஆயிரம் ஆண்டுக்கும் மேலான ஆயுள். எதை வைத்துக்கொண்டு எதை வெட்டுவது என்பதில் கொஞ்சமாவது அளவு வேண்டாமா?

என் பாட்டி கோபம் வரும்போதெல்லாம் தாத்தாவை "அந்த எம்டன்" என்றுதான் சொல்வார். திண்ணையில் செருப்புச் சத்தம் கேட்டால், "எம்டன் வந்தாச்சு, புத்தகத்தை எடு" என்று எங்களை விரட்டுவார். அந்தச் சொல்லின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. அது ஓர் ஊர் என்று பாட்டிக்குத் தெரியாததில் தப்பே இல்லை. இதழ் நடத்துகிறவர்கள், தெரியவந்த பிறகும், வேண்டாம் என்று சொல்வதுதான் உறுத்துகிறது.

வெட்டி எறியப்பட்ட பக்கங்களில் இருந்தது இதுதான். 1553இல் இங்கிலாந்தில் கத்தோலிக்கரான மேரி அரசியானதும், லண்டனில் தஞ்சம் புகுந்திருந்த சீர்திருத்தக் கிறித்தவர்கள் (புராட்டஸ்டண்டுகள்) போலந்துக்காரரான மதகுரு யோஹன்னஸ் ஆ லாஸ்கோவின் தலைமையில் கப்பலேறினார்கள். டென்மார்க் அவர்களை ஏற்கவில்லை. குளிர்காலக் கடலில் அலைந்தவர்களை லூபெக்கும் ஹாம்பர்க்கும் கூட வைத்துக்கொள்ளவில்லை. அவை பெரிய, பணக்கார, புகழ்பெற்ற துறைமுகங்கள் அல்லவா! இடம் கொடுத்தது எம்டன். அதன் பிறகு ஸ்பானிய ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி நெதர்லாந்திலிருந்து வணிகர்களும் நெசவாளர்களும் அச்சுக்காரர்களும் அலை அலையாக வந்தார்கள். ஊர் பெருத்தது, துறைமுகம் நிரம்பியது. 1571 அக்டோபரில் அந்த அகதிச் சபைகளின் பிரதிநிதிகள் அங்கே கூடி, எந்தச் சபையும் இன்னொரு சபையின் மேல் ஆதிக்கம் செலுத்தக் கூடாது என்பதை முதல் விதியாக எழுதி வைத்தார்கள். 1595இல் ஊர்மக்கள் தங்கள் பிரபுவின் அதிகாரத்தையே தூக்கி எறிந்தார்கள். இவ்வளவையும் "பின்னணித் தகவல்" என்று சொல்லி வெட்டியிருக்கிறார்கள்.

ஊருக்கென்று ஒரு கப்பல் உண்டு, ஆனால் அது நாம் நினைக்கும் கப்பல் இல்லை. பெரிய தேவாலயத்தின் கிழக்கு வாசலுக்கு மேலே, 1660இல் கல்லில் செதுக்கி வைத்த சின்னஞ்சிறு பாய்மரக் கப்பல் அது. துன்புறுத்தப்பட்டு விரட்டப்பட்ட திருச்சபைக்கு இறைவன் இங்கே ஆறுதல் தந்தான் என்று அதனோடு டச்சு மொழியில் பொறித்திருக்கிறார்கள். அந்த வாசலுக்கு முன்னால் கழுத்து வலிக்க நான் நின்றிருந்தேன். பீரங்கி இல்லாத எம்டன் கப்பல் அது ஒன்றுதான் என்று அன்றே குறிப்பேட்டில் எழுதினேன். அந்த வரியும் போய்விட்டது.

"அகதிகளால்தான் ஊர் வளர்ந்தது என்று ஒரேயடியாகச் சொல்லலாமா?" என்று சிலர் கேட்பீர்கள். சொல்லலாம். நெதர்லாந்தில் நிலைமை மாறி அவர்களில் பலர் திரும்பிப் போனதும் துறைமுகத்தின் வாழ்வும் கூடவே போயிற்று. 1509இன் பெருவெள்ளத்தில் எம்ஸ் ஆறு குறுக்கே வெட்டிக்கொண்டு ஊரைவிட்டு விலகத் தொடங்கியதும், மரத்தூண்களை வரிசையாக அடித்து ஆற்றைத் திருப்பப் பார்த்துத் தோற்றதும், சேறு சேர்ந்ததும் காரணங்கள்தாம், மறுக்கவில்லை. 1744இல் பிரஷ்யாவின் கைக்கு வந்த பிறகு சீனத்துக்குக் கப்பல் விட ஒரு கம்பெனி தொடங்கினார்கள், அது நிலைக்கவில்லை. 1899இல் டார்ட்முண்ட்–எம்ஸ் கால்வாய் திறந்து, ரூர் தொழிற்பகுதியின் இரும்பும் நிலக்கரியும் இந்த வழியாகப் போய்வரத் தொடங்கிய பிறகுதான் துறைமுகம் நிமிர்ந்தது. ஆனாலும் வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டதால் உயர்ந்த ஊர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதைச் சொன்னால் இன்று சிலருக்கு முகம் சுருங்குகிறது, சுருங்கட்டும்.

செண்பகராமன் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் தேசபக்தி இல்லாதவன் என்பீர்கள். கப்பலில் அவர் இருந்ததற்கு ஆவணச் சான்று கிடையாது. அந்த நாட்களில் அவர் ஐரோப்பாவில் இருந்தார். அவர் செய்தவை போதாதா, செய்யாததையும் சேர்க்க வேண்டுமா?

இன்னொரு கேள்வி நியாயமானது, அதை எளிதில் தள்ள முடியவில்லை. அகதிகளுக்கு அடைக்கலம் தந்த அதே ஊர் தன் யூதர்களுக்கு என்ன செய்தது? 1938 நவம்பரில் அவர்களுடைய தொழுகைக்கூடம் எரிக்கப்பட்டது. 1941 அக்டோபரில், அதுவரை எஞ்சியிருந்தவர்களைப் போலந்தின் வுட்ஜ் நகரத்தில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த சேரிக்கு ஏற்றி அனுப்பினார்கள். வாசலில் அந்தக் கல்கப்பல் அப்போதும் இருந்தது. இதையும் எழுதியிருந்தேன், ஒன்றையும் மறைக்கவில்லை. 1944 செப்டம்பர் 6 அன்று மாலை நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசியதில் உள்நகரத்தின் பெரும்பகுதி அழிந்தது. சென்னையில் இரண்டு தொட்டி எரிந்ததை நூறாண்டுகளாகப் பேசும் நமக்கு, ஊரே எரிந்ததைச் சொல்ல ஒரு வரி கிடைக்கவில்லை. இடிந்த பெரிய தேவாலயத்தின் சுவர்களுக்குள்ளேயே இன்று ஆ லாஸ்கோவின் பெயரில் ஒரு நூலகம் இருக்கிறது.

நான் தங்கியிருந்த வீட்டு அம்மையார் ஒரு மாலை தேநீர் கொடுத்தார். அந்தப் பகுதியில் அது ஒரு சடங்கு. கோப்பையில் பெரிய கற்கண்டுக் கட்டியைப் போட்டுச் சூடான தேநீரை ஊற்றினால் அது நொறுங்கும் சத்தம் கேட்கும். பிறகு ஓரமாகப் பாலேட்டை விட்டுக் கலக்காமல் குடிக்க வேண்டும். மூன்று கோப்பையாவது குடிக்காமல் எழுந்திருப்பது மரியாதை இல்லை. இரண்டாவது கோப்பையின்போது அவர் கேட்டார், இவ்வளவு தூரத்தில் இருக்கும் உங்கள் மக்களுக்கு எங்கள் ஊரைத் தெரியுமா என்று. எல்லோருக்கும் தெரியும் என்றேன். அவர் முகம் மலர்ந்து போயிற்று. என்ன தெரியும் என்று கேட்காமல் மூன்றாவது கோப்பையை ஊற்றினார்.