இரண்டு நிமிடத்தில் எப்படித் தெரியும்?
அனுபவமுள்ள குழந்தை மருத்துவர் பார்த்த உடனேயே வளர்ச்சித் தாமதத்தைக் கண்டுபிடித்துவிடுவார், தனியாகக் கேள்வித்தாள் தேவையில்லை என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மேலூர் பக்கம் எங்கள் ஊர். மகளுக்கு ஒன்றரை வயதில் தடுப்பூசி போடப் போனபோது, அவள் அழுத அழுகையில் மருத்துவர் எடை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டார். பேச்சு வரவில்லையே என்றதற்கு, சில பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும் என்றார். வீட்டில் மாமியாரும், "அவ அப்பனே மூணு வயசுலதான் வாய் திறந்தான்" என்றார். சரி என்று விட்டுவிட்டோம். இரண்டேகால் வயதில் மதுரையில் வேறொரு மருத்துவர், காத்திருக்கும்போதே எம்-சாட் என்ற, ஆட்டிசம் அறிகுறி உண்டா என்று பார்க்கப் பெற்றோர் நிரப்பும் கேள்வித்தாளைக் கையில் கொடுத்தார். 20 கேள்விகள், ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா என்ற இடத்தில் நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் எடுத்த செவித்திறன் பரிசோதனையில் இரண்டு காதிலும் குறை என்று தெரிந்தது. 9 மாதம் வீணாய்ப் போனது இன்னும் நெஞ்சை அறுக்கிறது. அங்கன்வாடியில் பார்த்துக்கொள்வார்களே என்று மேலே கருத்து எழுதியவருக்கு: 2013இல் வந்த, குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டப்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறை வருவது நல்ல விஷயம்தான், ஆனால் ஒன்றரை வயதுப் பிள்ளை பெரும்பாலும் வீட்டில்தானே இருக்கும்? 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் பூஸ்டர் ஊசிக்கு எப்படியும் தூக்கிக்கொண்டு வருகிறோம், அந்த வரிசையில் நிற்கும்போதே இந்தத் தாளைக் கொடுக்கலாம்.