கல் நிஜம், பெயர்தான் சந்தேகம்

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். விரல் நகம் அளவுக்கு ஒரு வெட்டுத்துண்டு. ஒரு பக்கத்தைக் கண்ணாடி மாதிரித் தேய்த்து ஆசிட்டில் காட்டியதில், குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் எழும்பியிருந்தன. பக்கத்திலேயே ஹோலோகிராம் ஒட்டிய சான்றிதழ். "அண்ணே, கொடைக்கானல் விண்கல். நாலு கிராம். முப்பத்தெட்டாயிரம் கேக்குறாரு. நம்ம மலைக் கல்லுண்ணே, விட்டா கிடைக்காது. பணத்தைப் போட்டுரவா?"

"நம்ம மலை" என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. நான் வத்தலக்குண்டுக்காரன். காலையில் கதவைத் திறந்தால் அந்த மலைதான் முதலில் கண்ணில் படும். விண்கல் சேர்க்க ஆரம்பித்த நாளிலிருந்து கொடைக்கானல் துண்டு ஒன்று, அரை கிராம் என்றாலும், கையில் இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை உண்டு. இன்றுவரை வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று தம்பிக்கு அன்றைக்கு அவசரமாக ரெண்டு வரியில் சொன்னேன். அதை விரிவாகவே எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் அந்தக் கல்லைப் பற்றி. 1898ல் பழனி மலையில் கிடைத்த இரும்பு விண்கல் அது. பதிவில் இருக்கும் மொத்த எடையே 15.9 கிலோதான். இரும்புக்குள்ளே கண்ணாடி மாதிரியான சிலிக்கேட் பொட்டுகள் சிக்கியிருக்கும். அந்தப் பொட்டுகளின் வயதை 1960களில் கணித்தபோது ஏறக்குறைய 380 கோடி வருஷம் என்று வந்தது. சூரியக் குடும்பத்தின் வயது 456 கோடி. மற்ற விண்கற்கள் பெரும்பாலும் அந்த ஆரம்பக் காலத்தையே காட்டும்போது இது மட்டும் எழுபது, எண்பது கோடி வருஷம் இளையது. இடையில் ஏதோ ஒன்று, அநேகமாகப் பெரிய மோதல், அதை மறுபடி சூடாக்கியிருக்கிறது. உலகம் முழுக்க ஆராய்ச்சிக்காரர்கள் நம்ம மலையின் பெயரைச் சொல்வது இதற்காகத்தான். அந்தப் பெயருக்குள் இவ்வளவு இருக்கிறது. அதனால்தான் அதை வேறு எதன் மீதும் ஒட்டக்கூடாது என்கிறேன்.

தம்பி அனுப்பிய படத்தில் இருந்தது விண்கல்தான். அந்தக் கோடுகளுக்கு விட்மன்ஸ்டாட்டன் அமைப்பு என்று பெயர். நிக்கல் குறைந்த இரும்பும் நிக்கல் கூடின இரும்பும் தனித்தனிப் பட்டையாகப் பிரிந்து வளர்ந்ததால் வருவது. ஒரு சிறுகோளின் வயிற்றுக்குள்ளே, பத்து லட்சம் வருஷத்துக்குச் சில பத்து அல்லது சில நூறு டிகிரி என்ற நிதானத்தில் ஆறினால்தான் அது கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளரும். எந்தப் பட்டறையிலும் இதைச் செய்துவிட முடியாது. சாதாரண ஸ்டீலில் கோடு கீறி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விளக்கடியில் மெதுவாகத் திருப்பிப் பார்த்தால் நிஜக் கல்லில் ஒரு பட்டை மின்னி அணையும், அடுத்தது மின்னும். கீறின ஸ்டீலில் அந்த விளையாட்டு இருக்காது.

ஆனால் அந்தக் கோடு "நான் இரும்பு விண்கல்" என்பதோடு நின்றுவிடும். எந்த ஊர்க் கல் என்பதை அது சொல்லாது. அர்ஜென்டினாவின் காம்போ டெல் சியேலோ இரும்பு டன் கணக்கில் கிடைத்தது. 2016ல் தோண்டி எடுத்த ஒரே துண்டு 30 டன்னுக்கு மேல். 2007லிருந்து அந்த நாட்டில் விண்கற்களைக் காக்கத் தேசியச் சட்டமே இருக்கிறது, ஆனாலும் முன்னால் வெளியே வந்த சரக்கு சந்தையில் ஏராளம், விலையும் குறைவு. அப்படி மலிவாகக் கிடைக்கிற ஏதோ ஒரு இரும்புத் துண்டுக்கு அபூர்வமான பெயர் வைத்தால் போதும், விலை எங்கேயோ போய்விடும். பட்டையின் அகலத்தை அளந்தால் சிலதைக் கழிக்கலாம். உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் நிக்கல், காலியம், ஜெர்மானியம், இரிடியம் எவ்வளவு என்று ஆய்வகத்தில் அளக்க வேண்டும். நாலு கிராம் துண்டுக்கு யார் அதைச் செய்வார்கள்?

(இரிடியம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கோபுரக் கலசத்தில் இடி விழுந்து இரிடியமாகிவிட்டது, அரிசியை இழுக்கிறது, வாங்க ஆள் பிடித்துத் தாருங்கள் என்று இன்னமும் எனக்குப் போன் வருகிறது. விண்கல்லில் இரிடியம் உண்டு, டன்னுக்குச் சில கிராம் என்ற கணக்கில். அரிசியை அது இழுக்காது. அந்த மோசடியில் நிலத்தை விற்றுக் கொடுத்த குடும்பத்தை எனக்கே தெரியும். தயவுசெய்து யாரும் ஏமாறாதீர்கள்.)

சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். அதில் கையெழுத்துப் போட்டது யார்? விற்கிறவர்தான். எனக்கு இது சொந்த அனுபவத்தில் வலித்த விஷயம்.

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானத்தில் அந்தக் கல் வெடித்ததை எல்லாரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 1,500 பேருக்குக் காயம், பெரும்பாலும் ஜன்னல் கண்ணாடி சிதறினதால். அடுத்த வருஷம் நான் ஒரு வெளிநாட்டு வியாபாரியிடம் மூன்று சிறு கற்கள் வாங்கினேன். மூன்றுக்கும் சான்றிதழ். அதில் ஒன்றை சேலத்தில் இருக்கிற ஒரு நண்பருக்கு, அவர் மகள் பிறந்தநாளுக்கு என்று கேட்டதால், பரிசாகக் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டியிருக்கிறாள்.

ரெண்டு வருஷம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நூலில் கட்டின காந்தம் ஒன்றை விளையாட்டாகக் கல் பக்கத்தில் கொண்டுபோனேன். பட்டென்று ஒட்டிக்கொண்டது. என் வீட்டில் இருந்த மற்ற ரெண்டும் காந்தத்தை லேசாகத் திருப்புமே தவிர இப்படிப் பிடித்ததில்லை. செல்யாபின்ஸ்க் எல்எல்5 வகை, உலோகம் மிகக் குறைவு. சந்தேகம் வந்து, அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கிவந்து, ஓரத்தில் வெட்டிப் பார்த்தேன். உள்ளே வெளிர் சாம்பல் நிறமும் கறுப்பு நரம்புகளும் இருக்க வேண்டிய இடத்தில் காபித்தூள் நிறத் துரு, அதற்குள் நெருக்கமாகப் பளபளக்கிற இரும்புப் பொடி. நிலவியல் படித்த ஒருவரிடம் கொடுத்துப் பார்த்ததில், உலோகம் அதிகமுள்ள எச் வகைக் காண்ட்ரைட் (கல் வகை விண்கல்) என்றார். செல்யாபின்ஸ்க் பனியிலிருந்து பொறுக்கிய புதுக் கல்லே கிடையாது. எங்கேயோ பாலைவனத்தில் நூற்றாண்டுகளாகக் கிடந்து துருவேறின வேறொரு விண்கல். வியாபாரிக்கு நாலு மெயில் போட்டேன், பதில் இல்லை. பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன். "இது அந்தக் கல் இல்லம்மா" என்று அந்தக் குழந்தையிடம் சொன்ன நிமிஷத்தை மறக்க முடியவில்லை.

அந்தக் காந்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று நான் வைத்திருந்தது பலமான நியோடிமியம் காந்தம். நம்மில் பாதிப் பேர் பாக்கெட்டில் அதைத்தான் வைத்திருக்கிறோம். 2023ல் வந்த ஓர் ஆய்வைப் படித்ததிலிருந்து நான் தொடுவதில்லை. சஹாராவில் கிடைத்த செவ்வாய்க் கல், "பிளாக் பியூட்டி" என்று செல்லப்பெயர், 320 கிராம். அதன் துணுக்குகளில் சில 440 கோடி வருஷப் பழமை. செவ்வாய்க்கு ஒரு காலத்தில் இருந்த காந்தப்புலத்தின் தடம் அதில் பதிந்திருக்கும் என்று தேடியிருக்கிறார்கள். அதோடு சேர்ந்த துண்டுகளையும் எடுத்துப் பார்த்தால், கைக்காந்தம் பட்டு அந்த நினைவெல்லாம் அழிந்துபோயிருந்தது. நிஜமா போலியா என்று சோதித்த கைகளே அதைத் துடைத்துவிட்டன. கல்லில் காந்தம் படாமலே அளக்கக் கருவி இருக்கிறது. கருவி இல்லாதவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலே புண்ணியம்.

விண்கல் சேர்க்கிற நம் குழுக்களில் எனக்குப் பெரிய சண்டையே வந்தது ஜோடி சேர்க்கும் விஷயத்தில், அதாவது தனித்தனியாகக் கிடைத்த கற்களை ஒரே விண்கல்லின் துண்டுகள் என்று சொல்வதில். சஹாராவில் விழுந்த இடம் தெரியாத கல்லுக்கு "வடமேற்கு ஆப்பிரிக்கா" என்று ஒரு எண்ணோடு பெயர் வைப்பார்கள். அந்த எண் கிடைக்க வேண்டுமென்றால் ஆய்வு செய்து, 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், எது குறைவோ அதை ஓர் ஆய்வு நிறுவனத்தில் வைத்துவிட்டு, விண்கல் சங்கத்தின் பெயர்க்குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். சில வியாபாரிகள் செய்வது என்ன? அதே மாதிரித் தெரிகிற கல்லைச் சந்தையில் வாங்கி, அதே எண்ணைத் தாங்களே ஒட்டிவிடுகிறார்கள். "இருபது வருஷ அனுபவம், பார்த்தாலே தெரியும்" என்று மூத்தவர்கள் சிலர் இதற்கு வக்காலத்து வாங்குகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கண் பார்த்துச் சொல்வது ஊகம். ஊகம் என்று லேபிளில் எழுதுங்கள், சண்டையே இல்லை.

கண்ணால் பார்ப்பதை நம்புகிறவர்களுக்கு ஓர்கேய் கதையைச் சொல்வேன். 1864 மே 14 அன்று பிரான்சில் விழுந்த கல் அது. ஒரு துண்டு மோன்டோபான் அருங்காட்சியகத்தில், மூடின கண்ணாடி ஜாடியில் இருந்தது. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து 1960களில் திறந்து ஆராய்ந்தால், உள்ளே கோரைப்புல் வகைச் செடி ஒன்றின் விதையும் நிலக்கரித் துணுக்கும் இருந்தன. யாரோ விதையைப் புதைத்து, பசை பூசி, மேலே கறுத்த தோல் மாதிரியே ஆக்கியிருந்தார்கள். விஞ்ஞானி லூயி பாஸ்டர், உயிர் தானாகத் தோன்றுமா என்று வாதாடிக்கொண்டிருந்த வருஷம் அது. செய்தது யார் என்று இன்றுவரை தெரியாது. கல் நிஜம், விழுந்த ஊர் நிஜம், ஜாடி நிஜம், அப்படியும் உள்ளே பொய் இருந்தது.

அதனால் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: கல்லைக் கேட்காதே, கைமாறின கதையைக் கேள். 15.9 கிலோவிலிருந்து இந்த நாலு கிராம் எப்போது வெட்டப்பட்டது, எந்த அருங்காட்சியகம் யாருக்கு வேறு கல்லுக்கு மாற்றாகக் கொடுத்தது, பழைய லேபிளின் படம் இருக்கிறதா, அதில் எழுதின எடையும் இப்போதைய எடையும் பொருந்துகிறதா. இந்தியாவில் கிடைக்கும் விண்கற்களுக்குப் பொறுப்பு இந்திய புவியியல் ஆய்வுத் துறை. அவர்களிடமிருந்து சட்டப்படி வெளியே வந்ததா என்பதையும் கேட்க வேண்டும்.

தம்பி கேட்டிருக்கிறார். "சார், நம்பிக்கை இருந்தா வாங்குங்க, இல்லேன்னா விடுங்க" என்று பதில் வந்திருக்கிறது. விட்டுவிட்டார். நல்லது.

சேலத்துக் கல் இப்போதும் அந்தப் பெண்ணிடம்தான் இருக்கிறது. வேண்டாம் என்று அவள் திருப்பித் தரவில்லை. இந்த வருஷம் கல்லூரி சேர்ந்திருக்கிறாள். போன மாதம் பழைய சான்றிதழைக் கிழித்துவிட்டு, சின்ன அட்டையில் புது லேபிள் எழுதிக் கொடுத்தேன்: "எச் காண்ட்ரைட், ஆய்வகத்தில் வகைப்படுத்தப்படவில்லை. கிடைத்த இடம் தெரியாது. 2014ல் செல்யாபின்ஸ்க் என்று சொல்லி விற்கப்பட்டது. 11.3 கிராம், ஓரத்தில் வெட்டிய பின் 10.6." கீழே தன் பெயரையும் தேதியையும் அவளே எழுதிக்கொண்டாள்.